விண்டர்கோட் மாளிகையின் ஒற்றை ஷூ

அத்தியாயம் 7

சுவருக்குள் தோள்வரை கையை விட்டபடி, மாடிப்படித் தளத்தில் குப்புறக் கிடந்தார் துப்பறிவாளர் ஹோரஸ் டன்னெட்.

"ஏதாவது தட்டுப்படுதா முதலாளி?" என்றாள் அவருடைய உதவியாளர் வின்னி பார்லோ. மேல்படியில் சௌகரியமாக உட்கார்ந்து, டார்ச் விளக்கை அவர் முதுகுக்கு அடித்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுப்படுது. குளிர்."

"அது வெளியிலேயே வேணுங்கற அளவுக்கு இருக்கே. அதுக்கா இவ்வளவு தூரம் கையை விட்டீங்க?"

டன்னெட் பல்லைக் கடித்தார். காலையிலிருந்து இது மூன்றாவது பொந்து. முதல் பொந்தில் எலி எலும்பு. இரண்டாவதில் எலும்புகூட இல்லை. முழங்கால் விறைத்துப்போயிருந்தது, மூக்கு ஒழுகியது, வயிறு காந்தியது. இந்த வீட்டை இப்படிக் கட்டித் தொலைத்தவன் கையில் கிடைத்தால் அவனை இதே பொந்துக்குள் திணித்துப் பலகையை அறைந்துவிடும் ஆத்திரத்தில் இருந்தார்.

அவன் ஒருவனாக இருந்தால்தானே! விண்டர்கோட் என்பது ஒரு வீடே அல்ல. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் நாலு வீடு. கம்பளி விற்றுக் காசு பார்த்தவன் ஒருவன் மரச்சட்டமும் மண்சுவருமாக ஒரு கூடம் எழுப்பினான். மகன் அதன் இடுப்பில் கல்லால் ஒரு சமையற்கட்டைச் செருகினான். பேரன் மாடியில் ஒரு நீள்கூடம் இழுத்தான், மழைநாளில் வீட்டுப் பெண்கள் நடப்பதற்காம். அப்புறம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் வந்த ஒரு மகானுபாவனுக்கு இதெல்லாம் பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. முன்பக்கம் முழுக்கச் செங்கல் முகப்பை வைத்து மறைத்தான். ஜன்னல் வரிசை இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும் என்று, பின்னால் அறையே இல்லாத இடத்தில்கூடச் சுவரில் ஜன்னலைப் பெயின்ட்டால் வரைந்துவைத்தான்.

"வெளிய கோட்டு, டை. உள்ள கிழிஞ்ச பனியன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள் வின்னி.

யாரும் எதையும் இடிக்கவில்லை, மேலே மேலே ஒட்டிக்கொண்டே போனார்கள். அதனால் பாதிச் சுவர்கள் இரட்டைச் சுவர்கள், நடுவில் சந்து. போதாக்குறைக்கு, கத்தோலிக்கப் பாதிரிமார்களைத் தேடித் தேடிக் கொன்ற காலத்தில் அவர்களை ஒளித்துவைக்கச் செய்த பொந்துகள் வேறு. ஒளிப்பவனுக்குக் கொண்டாட்டம். தேடுகிறவன் தலையில்தான் விடிந்தது.

தேடும் பொருளோ உள்ளங்கைக்குள் அடங்குவது. முதல் எலிசபெத் ராணி காலத்தில் வரைந்த ஒரு சின்ன ஓவியம். தங்கச் சட்டம், அதற்குள் ஆலிஸ் என்ற பெண்ணின் முகம். அதை விற்றுத்தான் ஒழுகுகிற கூரையை மாற்றுவது என்று வீட்டுக்காரி ஹெஸ்டர் சீமாட்டி முடிவு செய்திருந்தார். நேற்று, ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கி வீட்டைச் சுற்றிப் பார்க்கும் நாள். நீள்கூடத்தில் ஓவியத்துக்குக் காவல் இருந்தவள் பணிப்பெண் மேபல் பாஸ்க். கூரை ஒழுகி நிரம்பிய வாளியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பினாள். வெல்வெட் பெட்டி காலி.

உடனே வாசற்கதவைச் சாத்தினார்கள். வந்தவர், இருந்தவர், கார் ஓட்டி என்று ஒருவர் விடாமல் சோதித்தார்கள். கிடைக்கவில்லை. ஆகவே ஓவியம் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் காவல் இருந்தவள் மேபல், பக்கத்தில் வேறு யாரும் இருந்ததற்குச் சாட்சி இல்லை. சீமாட்டியின் அண்ணன் மகன் ஜெர்வேஸ் போலீஸுக்குப் போன் செய்துவிட்டான். இன்று தேநீர் வேளை முடிந்ததும் பிராம்ஃபீல்டு சார்ஜென்ட் வந்து மேபலைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் டன்னெட் ஓவியத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

"ஆ!" என்றார் டன்னெட்.

"கடிச்சிருச்சா?"

"ஏதோ தோலு... மிருதுவா..." அவர் முகத்தில் காலையிலிருந்து காணாத வெளிச்சம் வந்தது. "வின்னி, தோல் பை! உள்ள ஏதோ தோல் பை இருக்கு!"

இழுத்தார். வந்தது. வின்னி டார்ச்சைத் திருப்பினாள்.

ஒரு ஷூ. குழந்தையின் ஷூ, அதுவும் ஒன்றே ஒன்று. சுருங்கிக் கறுத்து, கட்டைவிரல் பக்கம் ஓட்டையாகி, தோல் வார் அறுந்து கிடந்தது.

டன்னெட் அதன் உள்ளே விரலை விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. கவிழ்த்து உதறினார். ஒன்றுமே இல்லை.

"குற்றவாளிக்கு ஒத்தைக் கால், வயசு மூணு" என்றாள் வின்னி. "ஊர் பூரா நொண்டி நொண்டித் தேடலாம் முதலாளி."

"வாயை மூடறியா கொஞ்சம்?"

கீழ்ப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெர்வேஸ். நல்ல ட்வீட் கோட்டு, நல்ல மீசை, நல்லெண்ணம் மட்டும்தான் இல்லை. அவன்தான் காலையிலிருந்து "இங்க ஒரு பாதிரியார் பொந்து உண்டு, அங்க ஒண்ணு உண்டு" என்று டன்னெட்டை வீடு முழுக்க அலையவிட்டவன்.

"ஆஹா! லண்டன்லேருந்து வந்த பெரிய துப்பறிவாளர்! நாள் பூரா தேடி ஒரு பழைய செருப்பு. ஜோடியாகூட இல்லை. பேசாம சார்ஜென்ட்டை அவரு வேலையைப் பாக்க விடுங்க டன்னெட். எடுத்தவ சமையக்கட்டுல உக்காந்துட்டு அழுதுக்கிட்டிருக்கா."

"எடுத்தவங்க அழ மாட்டாங்க சார், சிரிப்பாங்க" என்றாள் வின்னி, அவன் மீசையைப் பார்த்துக்கொண்டே.

அவன் சிரிப்பு நின்றது. அந்த நேரம் மாடியிலிருந்து இன்னொருவர் வேகமாக இறங்கி வந்தார். கட்டடக்கலைஞர் கிரிஸ்பின் ஆஷ்பி. கூரையைச் சரிபார்க்க சீமாட்டி வரவழைத்திருந்தவர். ஒல்லி உடம்பு, மூக்கில் கண்ணாடி, பையில் அளக்கும் நாடா. இந்த வீட்டில் டன்னெட்டிடம் மரியாதையாகப் பேசிய ஒரே ஆண்பிள்ளை.

"ஐயையோ, மெதுவா! உதறாதீங்க!" ஆஷ்பி இரண்டு கையையும் நீட்டி அந்த ஷூவை வாங்கினார். நீலக்கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அதில் சுற்றினார். "முன்னூறு வருஷம் இருக்கும் இதுக்கு. வீடு கட்டுனவங்க வெச்சது. கெட்டது எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு, போட்டுத் தேஞ்ச குழந்தை ஷூவைச் சுவருக்குள்ள வெச்சு மூடிருவாங்க. எந்தப் பழைய வீட்டைத் தோண்டினாலும் கிடைக்கும்."

"வந்த கெட்டதெல்லாம் முன்வாசல் வழியா வந்திருச்சு போல" என்று வின்னி ஜெர்வேஸைப் பார்த்தாள்.

"இதை வீட்டை விட்டு வெளிய கொண்டுபோகக் கூடாது. எடுத்தா திருப்பி வெச்சிரணும். நான் நம்பறேன் நம்பலைங்கறது வேற விஷயம். ஆனா இதைத் தூக்கிப் போட யாருக்குங்க மனசு வரும்?" ஆஷ்பி கைக்குட்டைப் பொட்டலத்தை டன்னெட்டிடமே கொடுத்தார். "அந்தப் பொந்துலயே வெச்சிருங்க. நான் புறப்படணும். கூரை வேலை முடிஞ்சுது. புகைபோக்கி எதையும் நான் இன்னும் தொடலை, அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

டன்னெட் பொட்டலத்தைப் பொந்தில் வைக்கவில்லை. கோபத்தில் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில், கூரை ஒழுகலுக்காக வைத்திருந்த வாளி காலில் இடறி உருண்டது. பொறுக்க முடியாமல் அதை இன்னொரு உதை விட்டார். அது காலி வாளி அல்ல.

* * *

சமையற்கட்டில் மட்டும்தான் கதகதப்பு. மேபல் அடுப்பில் கெட்டில் வைத்திருந்தாள். நாற்பது வயதுக்காரி, கைகள் சிவந்து வெடித்திருந்தன. அழுது முடித்துவிட்டாள். தொப்பியும் மேல்கோட்டும் கதவுப் பக்கத்து ஆணியில் தயாராகத் தொங்கின. கீழே கயிறு கட்டிய ஒரு பெட்டி.

"எதுக்கு இப்பவே கட்டிவெச்சே?" என்றார் டன்னெட்.

"அவரு வந்து நிக்கறப்ப நான் தடுமாறிக்கிட்டு நிக்கக்கூடாது பாருங்க சார்." மேபல் கோப்பைகளை எடுத்துவைத்தாள். "ஜெயில் எத்தனை நாளோ, அது போயிரும். ஆனா பேப்பர்ல பேர் வந்திருமே. அப்புறம் எந்த வீட்டுல சார் படியேத்துவாங்க? திருடின்னுதானே சொல்லுவாங்க."

"நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன சார் பண்றது? அது கிடைக்கணுமே" என்றாள் அவள் நியாயமாக.

டன்னெட்டுக்குச் சுருக்கென்றது. தேநீரை வாங்கிக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தபோது வின்னி சீட்டியடித்தாள்.

"கைரேகை நிபுணருக்குச் செலவே இல்லை. பாருங்க முதலாளி, அஞ்சு விரலும் அச்சடிச்ச மாதிரி."

வெள்ளைப் பீங்கான் கோப்பையில் கன்னங்கரேலென்று ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

"மன்னிச்சுக்கம்மா மேபல்" என்று கையைத் துடைக்கப் போனவர் அப்படியே நின்றார். தன் வலது கையைப் பார்த்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கோட்டின் கை வெள்ளையாக இருந்தது, பொந்துக்குள் இருந்த சுண்ணாம்புத் தூள். விரல்கள் மட்டும் கறுப்பு.

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கைக்குட்டையின் உள்பக்கம் முழுக்கக் கரி.

"வின்னி, அந்தப் பொந்துல என்ன இருந்துச்சு?"

"எலிப் புழுக்கை, சுண்ணாம்பு, உங்க மானம்."

"கரி இருந்துச்சா?"

 வின்னி ஷூவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "புகை நாத்தம்... இது புகைபோக்கிக்குள்ள இருந்த ஷூ!"

"ஆமா சார், அங்கதான் வெப்பாங்க" என்றாள் மேபல். "கதவுக்குப் பூட்டு உண்டு, ஜன்னலுக்குத் தாழ் உண்டு, புகைபோக்கி எப்பவும் தொறந்துதானே கிடக்கு? கெட்டது அது வழியாத்தான் வரும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

டன்னெட் எழுந்து நடக்க ஆரம்பித்தார். "அப்படின்னா இதை யாரோ இப்பத்தான் புகைபோக்கியிலேருந்து எடுத்து அந்தப் பொந்துக்கு மாத்தியிருக்காங்க. எதுக்கு? ஓவியத்தை ஒளிக்கப் புகைபோக்கிக்குள்ள இருக்கற கல் விளிம்புல கையை விட்டிருக்கான். அங்க இது இருந்துச்சு. இடம் இல்லை. எடுத்தான். எடுத்தவனுக்கு இதைத் தூக்கிப் போட மனசு வரலை. வீட்டுக்குள்ளயே வேற பொந்துல கொண்டுபோய் வெச்சுட்டான். நல்ல வேலை பண்ணான்!"

"ஆனா, புகைபோக்கியில போய் ஒளிப்பானா முதலாளி? யாராவது நெருப்பு மூட்டினா?"

மேபல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அக்டோபர்லயா? இந்த வீட்டுலயா மிஸ்? நவம்பர் ஒண்ணாந்தேதி, சகல புனிதர் திருநாள் வர்றவரைக்கும் இங்க ஒரு கணப்புலயும் நெருப்பு வைக்க மாட்டோம். பெரியவர், சீமாட்டியம்மா வீட்டுக்காரர், அவரு காலத்துலேருந்து அப்படித்தான். அவரு விறைச்சுப் போய்ப் படுத்த வருஷமும் வைக்க விடலையே."

"யாரு இந்த வழக்கத்தை உண்டாக்கினது?"

"யாரும் கேட்டதில்லை மிஸ்."

டன்னெட்டுக்கு உற்சாகம் பொங்கியது. "மேபல், இந்த வீட்டுல மொத்தம் எத்தனை கணப்பு?"

"பூட்டிப் போட்ட அறையையும் சேத்து இருபது இருக்கும் சார்."

பொங்கிய உற்சாகம் அப்படியே வடிந்தது.

கூடத்துக் கணப்பில் தலையை நுழைத்தார். கரி, கல், அவ்வளவுதான். சாப்பாட்டறைக் கணப்பில் ஒரு செத்த குருவி. மாடிப் படுக்கையறையில் விளிம்பே இல்லை. சில அறைகளுக்குச் சாவி தொலைந்துபோயிருந்தது. ஒரு கதவைத் திறந்தால் அதன் பின்னால் சுவர். ஜார்ஜ் காலத்து மகானுபாவன் அதையும் விட்டுவைக்கவில்லை.

"வரைஞ்ச ஜன்னல், அடைச்ச கதவு" என்று இரைந்தார் டன்னெட். "இந்த வீட்டுல உண்மையா இருக்கறது ஒழுகற கூரை ஒண்ணுதான்! இருபதையும் தேடி முடிக்கறதுக்குள்ள அவளைக் கூட்டிட்டுப் போயிருவான் அந்த சார்ஜென்ட்!"

"சரி, நாம தேடாட்டி என்ன?" என்றாள் வின்னி, முகக்கரியைத் துடைத்தபடி. "ஒளிச்சவனுக்கு இடம் தெரியுமில்ல. அவனையே காட்டச் சொல்லுங்களேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். டன்னெட் அவளை உற்றுப் பார்த்தார்.

"வின்னி, சில நேரம் உனக்கு மூளை இருக்கற மாதிரியே தோணுது."

"காலையில தின்ன பன் ரொட்டி வேலை செய்யுது முதலாளி."

* * *

கூடத்தில் தேநீர். ஹெஸ்டர் சீமாட்டி, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் கணவரின் கம்பளிக் கோட்டையும் போட்டு, காலடியில் இரண்டு நாய்களைக் கதகதப்புக்கு வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெர்வேஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஷ்பி பையை மூடிப் பக்கத்தில் வைத்திருந்தார். மேபல் ரொட்டித் தட்டை நீட்டிக்கொண்டு வந்தாள். எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வந்தது, யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டன்னெட் கைகளைத் தேய்த்துக்கொண்டு நடுவில் போய் நின்றார். கண் ஜெர்வேஸ் மேலேயே இருந்தது. அவனைத்தான் அவர் வந்ததிலிருந்தே குறித்துவைத்திருந்தார்.

"சீமாட்டி, என்னால முடியலை. ரத்தமே உறைஞ்சுபோச்சு. தயவு பண்ணி ஒரு நெருப்பு மூட்டச் சொல்லுங்க."



"நெருப்பா?" என்றார் சீமாட்டி. "மிஸ்டர் டன்னெட், இன்னிக்கு என்ன தேதின்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"குளிருக்குத் தேதி தெரியலையே."

"அபத்தம்!" என்று துள்ளி எழுந்தான் ஜெர்வேஸ். "சகல புனிதர் திருநாளுக்கு முன்னாடி விண்டர்கோட்ல நெருப்பா? எங்க மாமா நிமோனியாவுல படுத்தப்பகூட மூட்டலை. நீங்க லண்டன்ல வேணா ஜூலையில மூட்டிக்குங்க!"

டன்னெட்டின் மனம் குதித்தது. சிக்கினான்! அவர் வின்னியைப் பார்த்துக் கண்ணடிக்கப் போனார். அதற்குள் மேபல் வாயைத் திறந்தாள்.

"அதெப்படி சார் முடியும்? விறகுகூட இன்னும் உள்ள எடுத்து வைக்கலையே. திருநாளுக்கு முன்னாடி எடுக்க மாட்டோம்." ஜெயிலுக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருப்பவளும் அதே பாட்டைத்தான் பாடினாள்.

டன்னெட்டுக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று பேரும் தடுக்கிறார்கள்! குற்றவாளி ஒருவன்தான் பதறுவான் என்று பார்த்தால், இந்த வீட்டில் நெருப்பென்றால் எல்லோருமே பதறுகிறார்களே! வைத்த பொறி அவர் காலிலேயே மாட்டிக்கொண்டது.

"பாவம், அவரு நடுங்கறாரு" என்றார் ஆஷ்பி இரக்கத்தோடு. "ஒரு நாள் முன்னப் பின்ன ஆனா என்ன, சீமாட்டி? நூலக அறையில மட்டும் வேண்டாம், அந்தப் புகைபோக்கியில காக்கா கூடு கட்டியிருக்கு, அறை பூரா புகை சூழ்ந்துரும். இந்தக் கூடத்துலயே மூட்டிரலாமே."

"மூட்டக் கூடாது" என்றார் சீமாட்டி. பேச்சு முடிந்தது. ஜெர்வேஸ் உட்கார்ந்தான். வின்னி உதட்டைப் பிதுக்கினாள். வெளியே சரளைக் கற்களில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேபல் தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஏப்ரனை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் டன்னெட் மெல்ல.

ஏதோ ஒன்று அவர் காதுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, நாலு பேர் சொன்னதையும் திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று கூடத்தைக் கடந்து நூலக அறைக்குள் நுழைந்தார். மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் பின்னால் வந்தார்கள்.

"வின்னி, தலையை உள்ள விடு. மேல பாரு."

வின்னி கணப்புக்குள் குனிந்து டார்ச் அடித்தாள். "வானம் தெரியுது முதலாளி. ஒரு குச்சிகூட இல்லை. காக்கா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சோ என்னமோ."

டன்னெட் முழங்காலிட்டு, கரிபிடித்த சுவரோரமாகக் கையை மேலே விட்டார். விளிம்பு. விளிம்பில் துணி. இறக்கினார். நீலக்கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை. அதற்குள் தங்கச் சட்டத்தில், ஒன்றும் நடக்காத மாதிரி, ஆலிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சீமாட்டி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். ஜெர்வேஸின் வாய் பிளந்தது.

வின்னி டன்னெட்டின் கோட்டுப் பைக்குள் கையைவிட்டு ஷூவைச் சுற்றியிருந்த கைக்குட்டையை உருவி, இதன் பக்கத்தில் விரித்தாள். அதே நீலக்கரை.

"ஷூவுக்குத்தான் ஜோடி இல்லை" என்றாள். "கைக்குட்டைக்கு இருக்கு."

எல்லோரும் ஆஷ்பியைப் பார்த்தார்கள்.

"நெருப்பு மூட்டணும்னு மட்டும்தான் நான் சொன்னேன், மிஸ்டர் ஆஷ்பி" என்றார் டன்னெட். "எந்த அறைன்னு சொல்லலை. மூணு பேரும் தேதியைப் பத்திக் கவலைப்பட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இடத்தைப் பத்திக் கவலைப்பட்டீங்க. புகைபோக்கி எதையும் இன்னும் தொடலைன்னு வேற சொன்னீங்க. தொடாத புகைபோக்கியில காக்கா கூடு இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆஷ்பி கண்ணாடியைக் கழற்றினார். மறுக்கவில்லை. மறுக்கிற முகமும் இல்லை அது.

"கூரைக்குப் போற கதவு நீள்கூடத்து மச்சுலதான் இருக்கு" என்றார். "அவ வாளியைத் தூக்கிட்டுப் போனா. நான் ஏணியில இறங்கினேன். அவ்வளவுதான்." பிறகு திடீரென்று குரல் உயர்ந்தது. "வித்து என்னங்க ஆகப்போகுது? உத்தரம் பூரா உளுத்துப்போச்சு. இந்தக் காசைக் கொட்டினாலும் இன்னும் அஞ்சு வருஷத்துல இதை இடிக்கத்தான் போறாங்க. இந்தப் பக்கத்துல எத்தனை மாளிகை இடிச்சாங்க தெரியுமா உங்களுக்கு? நான் நின்னு பாத்தேன். படிக்கட்டை விறகா வித்தாங்க. ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு பொருளையாவது காப்பாத்தி என் வீட்டுல வெச்சிருக்கேன். ஒண்ணைக்கூட வித்ததில்லை. நான் திருடன் இல்லைங்க. அந்த ஷூவைக்கூட நான்... அதைத் தூக்கிப் போட்டிருந்தா இன்னிக்கு உங்ககிட்ட மாட்டியிருக்கவே மாட்டேன். என்னால முடியலை."

கதவோரத்தில் நின்ற மேபல் பேசினாள். அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை.

"என்னைத் தூக்கிப் போட முடிஞ்சுதே சார்."

ஆஷ்பி அவளைப் பார்த்தார். இந்த இரண்டு நாளில் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஆதாரம் இல்லைன்னு விட்டுருவாங்கன்னு நெனச்சேன், மேபல்..."

"பரவாயில்லை சார். நான் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம்தான் ஆகுது. காப்பாத்தற அளவுக்குப் பழசு ஆகலை."

 எந்த நேரத்திலும் ஏதாவது சொல்லி வைக்கும் வின்னிகூட டார்ச்சை அணைப்பதும் போடுவதுமாக நின்றாள். வாசலில் மணி அடித்தது. பழக்கதோஷம், மேபல் கதவைத் திறக்கப் புறப்பட்டாள்.

"நீ இரு" என்றார் சீமாட்டி. "ஜெர்வேஸ், போன் பண்ணி வரச்சொன்னவன் நீதானே? நீயே போய்க் கதவைத் திற. எதுக்கு வரச்சொன்னேன்னும் நீயே சொல்லு. அப்படியே வர்றப்ப கொட்டகையிலேருந்து விறகு எடுத்துட்டு வா."

"விறகா? அத்தை, திருநாளுக்கு இன்னும்..."

"எனக்குத் தேதி தெரியும்."

ஜெர்வேஸ் போனான். டன்னெட் பையிலிருந்து எடுத்து நீட்டிய அந்தச் சின்ன ஷூவைச் சீமாட்டி வாங்கி, முந்நூறு வருஷமாக அது இருந்த விளிம்பில் வைக்காமல், எட்டப் புத்தக அலமாரிமேல் வைத்தார். அப்புறம் கணப்புக்கு நேராக இருந்த தன்னுடைய சாய்வு நாற்காலியைத் தானே இழுத்துத் திருப்பினார்.

"உக்காரு மேபல்" என்றார். "உன் கை விறைச்சுப்போயிருக்கு."